குறைந்த செலவில் யூகுலேலே: பெட்டி உடல், தேக்குக் கழுத்து

கிதார் போன்ற நாலு தந்திச் சிறு கருவியான யூகுலேலே செய்யும்போது மரத்தில் காசை மிச்சம் பிடிக்கலாம். ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி), நட் (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் சிறு துண்டு), ட்யூனர் (தந்தியை முறுக்கும் சாவி) மூன்றிலும் அது முடியாது. பழைய கதவுச் சட்டமும் பிளைவுட் துண்டும் சேர்ந்த பெட்டி எப்படியாவது ஒலித்துவிடும். ஆனால் ஐந்தாவது ஃபிரெட் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அந்தக் கருவி சுருதி சேராது, எவ்வளவு விலையுயர்ந்த மரமாக இருந்தாலும். அதனால் இந்தச் செய்முறை உடலை எளிமையாக்கி, மிச்சமாகும் நேரத்தைக் கழுத்துக்குக் கொடுக்கிறது. பக்கப் பலகையைச் சூடாக்கி வளைக்கும் வேலை இல்லை. உடல் நாலு மூலைப் பெட்டிதான்.

இதைக் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுக்கலின் மதீரா தீவிலிருந்து ஹவாயின் ஹொனலூலுவில் இறங்கிய மனுவேல் நூனெஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ, அகுஸ்தோ தியாஸ் மூவரும் மேஜை நாற்காலி செய்த தச்சர்கள். யூகுலேலே அவர்கள் பட்டறைகளில்தான் உருவானது. சாதாரணத் தச்சுக் கருவிகளே இதற்குப் போதும்.

யூகுலேலேயின் பல அளவுகளில் கான்சர்ட் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். நட்டிலிருந்து, உடலின் மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 380 மி.மீ. சோப்ரானோ என்ற அளவு இதைவிடச் சிறியது, அதில் ஃபிரெட்கள் நெருங்கி வருவதால் சிறு பிழையும் பெரிதாகக் கேட்கும். முதல் முயற்சிக்குக் கான்சர்ட்தான் நல்லது.

வேண்டிய பொருட்கள்

கழுத்துக்கு 620 மி.மீ. நீளத்தில் இரண்டுக்கு ஒரு அங்குலச் சட்டம் ஒன்று. இழைத்த பிறகு 45 × 25 மி.மீ. நிற்க வேண்டும். புது மரத்தை விட வீடு இடித்த பழைய மரக் கடையில் கிடைக்கும் தேக்குச் சட்டமே மேல். பல வருடம் காய்ந்து, முறுக வேண்டியதெல்லாம் முறுகி முடிந்த மரம் அது. ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும், கணு கூடாது. வாங்கும்போது ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே உடைந்து நிற்கும் ஆணி இழைப்புளியின் அலகைக் கெடுத்துவிடும். மாமரமும் சரிதான், ஹவாயிலேயே அதில் யூகுலேலே செய்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு உதவும் பலா இதற்கும் உதவும்.

பக்கங்களுக்கு 8 மி.மீ. தடிமன், 60 மி.மீ. அகலத்தில் சில்வர் ஓக் அல்லது பேக்கிங் பெட்டியின் பைன் பலகை, மொத்தம் ஒரு மீட்டர். மேல்பலகைக்கு 2 மி.மீ. பிர்ச் பிளை, மாடல் விமானம், லேசர் வெட்டு வேலைக்கு விற்பது. அது கிடைக்காவிட்டால் 3 மி.மீ. பிளை, ஆனால் சத்தம் சற்று அடங்கும். பின்பலகைக்கு 3 மி.மீ. பிளையே போதும். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். கனம் அதிகம், ஒலியை விழுங்கிவிடும்.

கழுத்தின் மேல் ஒட்டி ஃபிரெட் பதிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டுக்கு 5 மி.மீ. தடிமனில் 195 × 45 மி.மீ. ஈட்டி அல்லது வேங்கைத் துண்டு, தேக்கும் ஆகும். ஃபிரெட் கம்பி 700 மி.மீ. நாலு யூகுலேலே ட்யூனர், இடம் இரண்டு, வலம் இரண்டு. நட்டுக்கு எலும்புத் துண்டு, அல்லது சமையலறை மேடை போடுபவர்களிடம் கழிவாகக் கிடைக்கும் கோரியன் என்ற செயற்கைக் கல். ஃபெவிகால், மெதுவாக உறையும் அரால்டைட், மெல்லிய சூப்பர் குளூ. அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையென்றால் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி எடுத்த ரப்பர் பட்டைகள் போதும். இறுக்கிச் சுற்றினால் நல்ல அழுத்தம் கிடைக்கும்.

மரம் கழிவுத் துண்டாகக் கிடைத்தால் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 ரூபாயில் முடிக்கலாம். அதில் பெரும்பங்கு ட்யூனருக்கும் தந்திக்கும் போகும். அந்தக் காசுக்கே கடையில் மலிவான யூகுலேலே ஒன்று கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

ஃபிங்கர்போர்டு

முதலில் இதை முடியுங்கள். இது சரியாக வரவில்லையென்றால் மற்ற மரத்தை வெட்டவே வேண்டாம்.

380 மி.மீ. தந்திக்கு நட்டின் முன்விளிம்பிலிருந்து, அதாவது பலகையின் நட் பக்க முனையிலிருந்து, ஒவ்வொரு ஃபிரெட்டின் தூரம் (மி.மீ.):

1 – 21.3
2 – 41.5
3 – 60.5
4 – 78.4
5 – 95.3
6 – 111.3
7 – 126.4
8 – 140.6
9 – 154.1
10 – 166.7
11 – 178.7
12 – 190.0

வேறு நீளத்துக்குக் கணக்குப் போடுவதானால், மீதமுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான இடைவெளி வரும். 12-வது சரியாகப் பாதியில் விழுந்தால் கணக்கு சரி.

குறிக்கும்போது ஸ்டீல் ஸ்கேலை நட் விளிம்பில் ஒரே தடவை வைத்து, நகர்த்தாமல் பன்னிரண்டையும் குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் சேர்ந்து, கடைசியில் மூன்று மில்லிமீட்டர் பிழையாகிவிடும். பென்சில் கோடு தடித்தது, கட்டர் கத்தி முனையால் கீறுங்கள். பலகை இன்னும் செவ்வகமாக இருக்கும்போதே மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, பள்ளத்தையும் அறுத்துவிடுங்கள். ஓரங்களைச் சரிவாக இழைத்துவிட்டால் மூலைமட்டத்துக்கு நேர் விளிம்பு இருக்காது.

பள்ளம் அறுப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஃபிரெட் கம்பியில் பள்ளத்துக்குள் இறங்கும் கால் பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். அதன் பக்கத்தில் உள்ள சிறு முட்கள்தான் மரத்தைப் பிடிக்கின்றன. பள்ளம் 0.6 மி.மீ. இருந்தால் நன்றாகக் கவ்வும். புது ஹேக்சா பிளேடு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுக்கும், ஏனென்றால் அதன் பற்கள் இரு பக்கமும் விலகி நிற்கின்றன. பிளேடைத் தட்டையாக எண்ணெய்க் கல்லில் படுக்க வைத்து இரண்டு பக்கமும் தேய்த்து, அந்த விலகலை எடுத்துவிடுங்கள். அப்போது அது 0.7 மி.மீ.க்குள் அறுக்கும். தேவையற்ற துண்டில் அறுத்து, ஒரு ஃபிரெட்டைத் தட்டிப் பார்த்த பிறகே நல்ல பலகையில் கை வையுங்கள். ஆழம் 2 மி.மீ. போதும். பிளேடில் 2 மி.மீ. உயரத்தில் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் மீறாது.

அறுத்து முடிந்ததும் பலகையை நட் பக்கம் 36 மி.மீ., உடல் பக்கம் 43 மி.மீ. அகலத்துக்குச் சரிவாக இழையுங்கள். வாசிப்பவருக்கு இடம் காட்டும் புள்ளி வைப்பதானால் 5, 7, 10, 12 இடைவெளிகளில். கிதார் வாசிப்பவர்கள் பழக்கத்தில் 9-ல் வைத்துவிடுவார்கள். யூகுலேலேயில் வழக்கம் 10.

ஃபிரெட்டைப் பலகையின் அகலத்தை விட 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, இரண்டு ஓரங்களை முதலிலும் நடுவைப் பிறகும் மரச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். பள்ளம் தளர்ந்திருந்தால் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் குளூ விட்டு, உறையும் வரை ஒரு கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். பள்ளம் மிக இறுக்கமாக இருந்தால் பன்னிரண்டு ஃபிரெட்டும் சேர்ந்து பலகையைப் பின்பக்கமாக வளைத்துவிடும். லேசான வளைவு கழுத்தில் ஒட்டும்போது நிமிர்ந்துவிடும். 2 மி.மீ.க்கு மேல் வளைந்தால் ஃபிரெட்டைக் கழற்றிப் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியதுதான்.

கழுத்து

இந்த வடிவத்தில் கழுத்தும் உடலுக்குள் ஓடும் தண்டும் ஒரே மரம். தனியாக இணைப்பு வெட்ட வேண்டியதில்லை, இழுவையை மரமே தாங்கும். தலைப்பக்கத்திலிருந்து வரிசையாகக் குறியுங்கள்: தலை 120 மி.மீ., நட் 5, ஃபிங்கர்போர்டு 195, உடலுக்குள் 260, உடலைத் தாண்டி நீளும் வால் 20. மொத்தம் 600.

உடலுக்குள் போகும் 260 மி.மீ. பகுதியின் மேல்முகத்தை மேல்பலகையின் தடிமன் அளவுக்கு, அதாவது 2 அல்லது 3 மி.மீ., இறக்குங்கள். பிறகு இரு முனையிலும் பக்கச் சுவர் உட்காரும் 8 மி.மீ. விட்டுவிட்டு, நடுப்பகுதியை இன்னும் 5 மி.மீ. இறக்க வேண்டும். இதை மறந்தால் மேல்பலகை தண்டின் மேல் படுத்துவிடும். அதிர முடியாத பலகையிலிருந்து ஒலி வராது. கையால் செய்த பெட்டி யூகுலேலே பல டொக்கென்று ஒலிப்பதற்குக் காரணம் இதுதான், மரத்தின் தரம் அல்ல. மேல்பலகையின் உள்பக்கம் ஒட்டப்போகும் தாங்கு குச்சிகள் வரும் இரண்டு இடத்தில், அதாவது உடலின் மேல்விளிம்பிலிருந்து (கழுத்துப் பக்க விளிம்பு) 35, 118 மி.மீ. தூரத்தில், 10 மி.மீ. அகலத்துக்கு இன்னொரு 5 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். வால் பகுதியைத் தொட வேண்டாம், அது முழு உயரத்தில் நிற்கட்டும்.

தலையின் முகத்தை நட்டுக்கு 6 மி.மீ. அப்பாலிருந்து 7 மி.மீ. இறக்கி, பின்பக்கமும் செதுக்கி 12 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். முகம் இறங்கியிருந்தால்தான் தந்தி நட்டின் மேல் அழுத்தி உட்காரும். இல்லையேல் வாசிக்காத தந்தி இரையும். ட்யூனர் துளைகள் நட்டிலிருந்து 40, 85 மி.மீ. தூரத்தில், ஓரத்திலிருந்து 11 மி.மீ. உள்ளே. துளை அளவை ட்யூனரை அளந்தே முடிவு செய்யுங்கள், கடைக்குக் கடை வேறுபடும். அதோடு வரும் குட்டித் திருகுகள் தேக்கில் முறிந்துவிடும். 1.5 மி.மீ. துளை போட்டு, திருகைச் சோப்பில் தேய்த்து இறக்குங்கள்.

தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு, பசை பிடிக்க மறுக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய ஃபிங்கர்போர்டு அதைக் குடித்து வளையும். இந்த ஒட்டுக்கு மட்டும் அரால்டைட் நல்லது. அழுத்தும்போது பலகை வழுக்காமல் இருக்க, தலை நறுக்கிய இரண்டு சின்ன ஆணிகளைக் கழுத்தில் அரை மில்லிமீட்டர் நீட்டி வையுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு கழுத்தின் ஓரங்களைப் பலகைக்குச் சமமாக இழைத்து, பின்பக்கத்தை ராஸ்ப் அரத்தால் உருட்டுங்கள். ஃபிங்கர்போர்டையும் சேர்த்து நட் அருகே 20 மி.மீ., உடல் அருகே 22 மி.மீ. தடிமன் கைக்கு வசதி. உடலை ஒட்டிய கடைசி 30 மி.மீ. முழுக் கனத்தில் இருக்கட்டும். தேக்குத் தூள் மூக்கை அரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி

பக்கத்துக்கு 260 மி.மீ. நீளத்தில் இரண்டு, 164 மி.மீ. நீளத்தில் இரண்டு. சின்னச் சுவர்களைப் பெரியவற்றுக்கு நடுவில் வைத்து ஒட்டினால் வெளி அளவு 260 × 180. மரத்தின் வெட்டுமுனையில் ஒட்டு பலமாக நிற்காது, அதனால் நாலு மூலையிலும் 12 மி.மீ. சதுரக் குச்சியை உள்ளே ஒட்டுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 316 மி.மீ. வந்தால் பெட்டி கோணவில்லை. சின்னச் சுவர் ஒவ்வொன்றின் மேல்நடுவிலும் தண்டு இறங்கும் அளவுக்கு வாய் வெட்டுங்கள். அகலம் 45 மி.மீ.; ஆழம் தண்டின் இறக்கிய பகுதியின் தடிமன், 22 அல்லது 23.

ஒட்டுவதற்கு முன் தண்டை உட்கார வைத்து, நட்டின் நடுவிலிருந்து வாலின் நடு வரை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் ஃபிங்கர்போர்டின் நடுக்கோட்டிலும் பெட்டியின் நடுவிலும் விழ வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினால் கடைசித் தந்தி பலகையின் ஓரத்திலிருந்து நழுவும். வாயின் ஓரத்தைச் சீவி இப்போதே திருத்துங்கள். பசை காய்ந்த பின் வழியில்லை.

மேல்பலகையில் பிளையின் வெளிப்பக்க ரேகை தந்தியின் திசையில் ஓடட்டும். நீளம் சரியாக 260, ஏனென்றால் அது கழுத்துக்கும் வாலுக்கும் நடுவே இறங்கப்போகிறது. அகலத்தில் 3 மி.மீ. கூட்டி வெட்டினால் பிறகு சீவிக்கொள்ளலாம். ஒலித்துளையின் நடு மேல்விளிம்பிலிருந்து 75 மி.மீ., விட்டம் 50 மி.மீ. பிளை கிழியாமலிருக்க அடியில் ஒரு கட்டையை வைத்து ஹோல் சாவால் வெட்டுங்கள். உள்பக்கம் துளைக்கு மேலும் கீழுமாக 35, 118 மி.மீ. இடங்களில் 6 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரத்தில் பைன் குச்சி இரண்டைக் குறுக்கே ஒட்டுங்கள். முனைகளைச் சரித்து, சுவருக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். குச்சி இல்லாமலும் பலகை கொஞ்ச நாள் தாங்கும், பிறகு பிரிட்ஜுக்குக் கீழே பள்ளம் விழும். மூன்று நாலு குச்சி போட்டால் ஒலி செத்துவிடும்.

தண்டு, மேல்பலகை, கடைசியில் பின்பலகை என்ற வரிசையில் ஒட்டுங்கள். பின்பலகையை மூடுவதற்கு முன் தண்டுக்கும் மேல்பலகைக்கும் நடுவே ஒரு அட்டையை நுழைத்து ஓட்டுங்கள். எங்கும் தட்டாமல் ஓடினால் மூடலாம்.

மெருகுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போதும். 200 மில்லி ஸ்பிரிட்டில் 30 கிராம் அரக்குத் தகடு, ஓர் இரவு ஊறியதும் துணியால் வடிகட்டி, மெல்லிய கையாக ஐந்தாறு தடவை. தடித்த வார்னிஷ் மேல்பலகையை அடக்கும். ஃபிங்கர்போர்டில் பாலிஷ் படக்கூடாது, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் சரி.

பிரிட்ஜும் தந்தியும்

பிரிட்ஜை ஒட்டப்போவதில்லை. வாலில் 11 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளை நாலு போட்டு, தந்தியை அடியிலிருந்து ஏற்றி, முனையில் ஒரு பாசிமணியோடு 8 வடிவ முடிச்சுப் போடுங்கள். தந்தியின் அழுத்தமே பிரிட்ஜைப் பிடித்துக்கொள்ளும். நாலு தந்தியும் சேர்ந்து இழுப்பது 15 கிலோ அளவுதான், அதில் பலகையைக் கீழே அழுத்துவது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஸ்டீல் தந்தி போட்டால் இந்தக் கணக்கு உடைந்து கழுத்து வளையும். ஆசைப்பட வேண்டாம்.

பிரிட்ஜ் 70 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலத் தேக்குத் துண்டு. அதன் மேல் எலும்பு அல்லது கோரியன் முகடு. மொத்த உயரம் 11 மி.மீ. வரும், 13-ல் ஆரம்பித்துத் தேய்த்துக் குறையுங்கள். உடலின் மேல்விளிம்பிலிருந்து 187 மி.மீ.யில் வையுங்கள். கணக்குப்படி 185 தான். ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி நீண்டு சுருதி ஏறுவதை ஈடுசெய்ய இந்த 2 மி.மீ. நட்டில் முதல் தந்திக்கும் கடைசித் தந்திக்கும் நடுவே 28 மி.மீ., பிரிட்ஜில் 41.

சுருதி ஜி, சி, ஈ, ஏ. ஏ 440 ஹெர்ட்ஸ். ஜி தந்தி சி-யை விட உயர்ந்த ஸ்வரம், அதனால் மெல்லிய தந்தி. கிதார் பழக்கத்தில் தடித்ததைப் போட்டுவிடாதீர்கள். யூகுலேலே செட் கிடைக்காத ஊரில் கிளாசிகல் கிதாரின் நைலான் தந்திகளைத் தனித்தனியாக வாங்கலாம்: முதல் தந்தி இரண்டு, ஏ-க்கும் ஜி-க்கும், இரண்டாவது ஒன்று, ஈ-க்கு, மூன்றாவது ஒன்று, சி-க்கு. தூண்டில் போடுபவர்கள் வாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பும் நன்றாக ஒலிக்கும்: ஏ 0.50, ஈ 0.65, சி 0.85, ஜி 0.55 மி.மீ. சாதாரண நைலான் தூண்டில் நரம்பு நீண்டுகொண்டே இருக்கும். சி, ஈ இரண்டையும் தூர ட்யூனரில் சுற்றுங்கள். சுற்று மேலிருந்து கீழாக இறங்கட்டும்.

நட் பள்ளத்துக்குத் தனி அரம் விலை அதிகம். கேஸ் வெல்டிங் நாசிலைச் சுத்தம் செய்யும் கம்பிச் செட் அந்த வேலையைச் செய்யும். மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்தினால் முதல் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும். அதற்குமேல் இருந்தால் முதல் இரண்டு ஃபிரெட்டில் எல்லாக் கார்டும் (சேர்த்து மீட்டும் ஸ்வரங்கள்) சுருதி ஏறி ஒலிக்கும். பலர் பிரிட்ஜைக் குறை சொல்வது இந்த நட் பிழைக்காகத்தான். 12-வது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் 2.5 முதல் 3 மி.மீ.

சரியாக வராதபோது

ஒரே ஓர் இடத்தில் இரைந்தால் அடுத்த ஃபிரெட் உயர்ந்திருக்கிறது. மூன்று ஃபிரெட்டைத் தொடும் அளவு ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃபிரெட் உயரம். எல்லா ஃபிரெட்டின் உச்சியிலும் மார்க்கர் மை பூசி, சமமான கண்ணாடித் துண்டில் ஒட்டிய 320 உப்புத்தாளால் தேய்த்து, எல்லாவற்றிலும் மை போனதும் நிறுத்துங்கள். ஃபிரெட் முனைகளை ஏறத்தாழ 40 டிகிரிக்கு அராவி விடுங்கள், இல்லையேல் கையைக் கிழிக்கும்.

அழுத்தாத தந்தி இரைந்தால் நட் பள்ளம் ஆழம். எலும்புத் தூளை நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, மறுபடி வெட்டலாம்.

12-வது ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விட ஏறி ஒலித்தால் பிரிட்ஜை வால் பக்கம் நகர்த்துங்கள். இறங்கி ஒலித்தால் கழுத்துப் பக்கம். சி தந்தி பக்கத்தைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து வைக்க வேண்டி வரலாம். ஒட்டாத பிரிட்ஜால் கிடைக்கும் வசதி இது. சரியான இடம் அமைந்ததும் பென்சிலால் மெலிதாகக் குறித்துக்கொள்ளுங்கள், தந்தி மாற்றும்போது பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.

சுருதி நிற்காமல் இறங்கிக்கொண்டே போவது முதல் சில நாட்களுக்கு இயல்பு, நைலான் நீளுகிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கினால் வாலில் முடிச்சு இழுபடுகிறதா, ட்யூனர் திருகு தளர்ந்ததா பாருங்கள். தந்தியின் உயரம் மாதத்துக்கு மாதம் கூடினால் தண்டு சுவரோடு ஒட்டிய இடம் நகர்கிறது. ஃபெவிகால் வெயிலில் இளகி, இழுவைக்கு மெல்ல இடம் கொடுக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் வைத்தாலே போதும். அப்படி நேர்ந்தால் தந்தியைக் கழற்றி, பின்பலகையைச் சூடான கத்தியால் பிரித்து, அந்த இரண்டு வாயையும் அரால்டைட்டால் மறுபடி ஒட்டுங்கள்.